ரேட் ஆயிரத்து எண்ணூறு

"பொம்பளப் பிள்ளைய டீம்ல சேர்த்தா இப்படித்தான்லா!" என்றான் யுகேந்திரன். என் பெரியம்மா மகன். எங்கள் நால்வர் அணிக்கு அவன்தான் கேப்டன்.

1999, மலாக்கா டவுனில் ஒரு சைபர் கஃபே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோலாலம்பூர்க்காரர்களோடு இணையத்தில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. மூன்று சுற்றில் இரண்டை ஜெயித்தால் இறுதிப் போட்டிக்குப் போகலாம். முதல் சுற்றில் மண்ணைக் கவ்வியாகிவிட்டது.

"இதுவும் போச்சுன்னா நீ வீட்டுலயே இரு ஷாந்தினி. உன் இடத்துக்கு வேற ஆள் பாத்துக்குறேன்."

வேறு ஆளாம்! இரண்டு வருஷமாக, பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஃபேக்டரி வேலை முடிந்ததும் பஸ் ஏறி வந்து பழகியவள் நான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எதிரி கதவருகே நிற்பான். சுடுவேன். படாது. மறு நொடி என் முதுகுக்குப் பின்னால் இருப்பான். இடையில் அவன் நடந்து வந்த தகவல் என் கணினிக்கு வந்து சேரவே இல்லை. அணியின் மற்ற இருவர் லியோனலுக்கும் கவிநேசனுக்கும் இதே கதிதான்.

"ரேட் எவ்வளவுடா வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். நொடிக்கு இத்தனை பைட் அனுப்பு என்று சர்வரிடம் நாம் சொல்லி வைக்கும் எண் அது.

"பத்தாயிரம்லா. பெருசா வச்சாத்தானே ஸ்பீடு?" என்றான் லியோனல்.

நானும் பத்தாயிரம்தான் வைத்திருந்தேன். தலையில் அடித்துக்கொண்டேன். கடைக்கு இருப்பது ஒரே லைன். நொடிக்கு எட்டாயிரம் பைட் வந்தாலே பெரிது. அதில் நான்கு பேர் நாற்பதாயிரம் கேட்டால்? எங்கள் ஃபேக்டரியிலும் இந்தக் கூத்து உண்டு. டார்கெட் முடிக்க பெல்ட்டை வேகமாக விடுவார்கள். கைக்கு எட்டாத சாமானெல்லாம் தரையில் கொட்டும். திட்டு எங்களுக்கு விழும்.

"லைன் தாங்காம மிச்சமெல்லாம் வழியிலேயே கொட்டிப் போவுது. ஆளுக்கு ஆயிரத்து எண்ணூறு போடுங்க, நாலு பேருக்கும் சேத்து எட்டாயிரத்துக்குள்ள அடங்கும்."

"உனக்கென்ன பைத்தியமா? கொறச்சா இன்னும் ஸ்லோ ஆவும்லா!" என்றான் யுகேந்திரன்.

மற்ற இருவரும் என்னோடு மாற்றினார்கள். அவன் மாட்டேன் என்றுவிட்டான். இரண்டாவது சுற்று ஆரம்பித்தது. அவன் ஒருவனே லைன் முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தான். நாங்கள் நான்கு, அவர்கள் பதினொன்று. இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று எழுந்தேன். அவன் கையைத் தட்டிவிட்டு, அவன் கீபோர்டில் நானே ஆயிரத்து எண்ணூறு என்று அடித்தேன்.

"ஏய்! என்னா செய்ற?"

"வாய மூடிட்டு ஸ்க்ரீனப் பாருண்ணே!"

திரும்பி வந்து உட்கார்ந்தேன். எதிரி கதவருகே வந்தான். அடுத்த அடி வைத்தான். அதற்கடுத்த அடியும் வைத்தான். அடேயப்பா, நடந்துதான் வந்தான்! ஒரே குண்டில் விழுந்தான்.

"அலாமாக்! எல்லாம் படுதுலா!" என்று கத்தினான் கவிநேசன்.

அந்தச் சுற்றை இருபதுக்குப் பதினேழு என்று ஜெயித்தோம். கடைசிச் சுற்று இருபதுக்கு ஆறு, அந்த இருபதில் பதினொன்று என்னுடையது. எந்த லைனுக்கு மாறினீர்கள் என்று கோலாலம்பூர்க்காரர்கள் எழுதிக் கேட்டார்கள். கடையே எழுந்து நின்று கை தட்டியது. எனக்குச் சந்தோஷத்தில் காலே தரையில் படவில்லை.

யுகேந்திரன் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினான்.

"ஃபைனலுக்கு நீயே கேப்டனா இரும்மா," என்றான்.

"சரி," என்றேன். வேண்டாம், நீயே இருண்ணே என்று மரியாதைக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.