ரொட்டி = 15

ஜீவராணிக்குக் கணக்கென்றாலே காய்ச்சல். பத்தாண்டுப் படிப்பு முடிந்து எழுதும் சாதாரண தரப் பரீட்சையில், கணக்கில் மூன்றாம் தடவைதான் கரையேறினாள். அப்படிப்பட்டவளுக்கு ஹட்டனில் முகாமைத்துவ டிப்ளோமா படிக்க அழைப்பு வந்தது. சந்தோஷம்தான். ஆனால் முதல் பாடமே புள்ளிவிபரவியலாம்! தொடக்கப் பரீட்சையில் தேறாவிட்டால் இடமில்லையாம். கூரையேறிக் கோழி பிடிக்காதவள் வானமேறி வைகுண்டம் போவாளா?

தோட்டத்து லய வீட்டு வாசலில் உட்கார்ந்து இடை, இடையம், ஆகாரம் என்ற மூன்று கணக்குச் சொற்களையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, ஆகாரத்தக் காணோமே! எங்க தேடியும் காணோமே!"

அடுப்படியிலிருந்து தாய் அம்மாக்கண்ணு கரண்டியோடு பாய்ந்து வந்தாள். "ஏன்டி லயமே கேக்கக் கத்துற? காலையில மூணு ரொட்டிய முழுங்குனது யாரு? என்னமோ நான் பட்டினி போட்ட மாதிரி!"

"சாப்பாடு இல்லம்மா, கணக்கு! எது அடிக்கடி வருதோ அதுக்குப் பேரு ஆகாரம்."

"நம்ம வீட்டுல ரொட்டிதான் அடிக்கடி வருது. இதுக்கு எதுக்குடி பரீட்சை?"

ஜீவராணி வயிறு குலுங்கச் சிரித்தாள். அதோடு ஆகாரம் அவள் மண்டையில் ஒட்டிக்கொண்டது.

பரீட்சையில் பஸ் பிந்திய நிமிடங்களைக் கொடுத்து ஆகாரம் கேட்டிருந்தார்கள்: 4, 9, 12, 15, 15. அட, இவ்வளவுதானா! விறுவிறுவென்று எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். தலவாக்கலை தாண்டும்போதுதான் உறைத்தது. ஆகாரம் என்று எழுதவேண்டிய இடத்தில் 'ரொட்டி = 15' என்றல்லவா எழுதிவைத்தாள்! போச்சு, இடமும் போச்சு, மானமும் போச்சு. ஊர் அக்கரப்பத்தனை வரும்வரை அழுதாள்.

முடிவு சொல்லும் நாளில், புள்ளிவிபரவியல் படிப்பிக்கும் மார்கிரட் மிஸ் ஒரு விடைத்தாளைத் தூக்கிக் காட்டினார். "யாரு இந்த ரொட்டி?"

ஜீவராணி எழுந்தாள். "நான்தான் மிஸ். எங்க வீட்டுல அடிக்கடி வர்றது அதுதான்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மிஸ்ஸுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பேருதான் பிழை, விடை சரி. ஒரு புள்ளிய வெட்டிட்டேன். நீங்க பாஸ்!"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. உடனே அம்மாவுக்கு போன் போட்டாள். வீட்டுக்கு வந்தால், கூரையேறாமலே கோழி சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது.

"இனிமே ஆகாரம் கோழின்னு எழுதுடி!" என்றாள் அம்மாக்கண்ணு பெருமையோடு.

"ஒரு நாள் கோழிக்கெல்லாம் ஆகாரம் மாறாதும்மா," என்று சொல்லிக்கொண்டே ஜீவராணி தொடைக்கறியை எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டாள்.