பதினொரு மணி அண்ணன்

நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், வெட்டவெளி முழுக்கக் கம்பிகளை நட்டு, வானத்துக்கு ரேடியோ அலையை அனுப்பி, என்ன திரும்பி வருகிறது என்று பார்க்கும் ரேடார் நிலையம் அது. அங்கே இன்ஜினியராக இருந்தவள், ஆறு வருஷத்துக்கு முன் ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள்.

அது சீனியர் ஆபரேட்டரைப் பற்றியது. தினமும் பதினொரு மணி வாக்கில், நூற்றைம்பது கிலோமீட்டர் உயரத்திலிருந்து எதிரொலி வருகிறது, உச்சிவேளை வரை இறங்கி, பிறகு ஏறி மறைகிறது என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். அது என்னவென்று மட்டும் தெரியவில்லை என்றார். அங்கே எதிரொலி தர ஒன்றுமே இல்லை என்றார் இயக்குநர். "பதினொரு மணி அண்ணன் வந்தாச்சு, கடிகாரத்தைச் சரி பண்ணிக்கோங்க" என்று மற்றவர்கள் கேலி பேசினார்கள். கருவிக் கோளாறை மறைக்கிறார் என்று அவள் எழுதிக் கொடுத்தாள். கருவியைத் திறந்தே பார்க்கவில்லை. அவர் வேலை போயிற்று. மறுவருஷம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

அதன் பிறகு அவள் தனியாக உட்காரும்போதெல்லாம், நாற்காலிக்குப் பின்னால் அவருடைய செருமல் கேட்டது. திரும்பினால் ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த வருஷம் கருவிகள் எல்லாமே புதிது. பழையதில் ஒரு கேபிள்கூட மிச்சமில்லை. முதல் நாள், பதினொரு மணிக்குத் திரையில் அதே எதிரொலி மெல்லிய கோடாய் விழுந்து மெதுவாக இறங்கியது. பின்னால் செருமல்.

"பார்த்துட்டேன் அண்ணே" என்றாள், திரும்பாமல்.

படத்தை அச்செடுத்துக்கொண்டு அவர் மனைவியைத் தேடிப் போனாள்.

"அண்ணி, அண்ணன் சொன்னது நிஜம். நான்தான் பொய் எழுதிக் கொடுத்தேன்."

அண்ணி காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கடைசி வரைக்கும் அந்த நேரத்துக்கு மாடியேறி வானத்தைப் பாத்துக்கிட்டு நிப்பாரு. கண்ணுக்குத் தெரியாதுன்னு அவருக்கே தெரியும்." கோட்டின் மேல் விரல் வைத்து, "இது என்னம்மா?" என்று கேட்டாள்.

"இன்னும் தெரியல அண்ணி."

"அவரும் தெரியலன்னுதானே சொன்னாரு? அதுக்கா வேலையைப் பிடுங்கினீங்க?"

அவள் நேராக நிலையத்துக்குத் திரும்பினாள்.

அன்றே நடந்ததை எழுதி இயக்குநரிடம் கொடுத்தாள். விசாரணை வைத்தார்கள், பொறுப்பிலிருந்து இறக்கினார்கள்.

ஒரு வாரம் கழித்து அண்ணி நிலையத்துக்கு வந்தாள். "எனக்கும் காட்டு" என்றாள்.

இருவரும் திரைமுன் உட்கார்ந்தார்கள். கோடு இறங்கி, ஏறி, மங்கும்வரை அண்ணி இமைக்கவில்லை. எழும்போது இன்ஜினியரின் தோளைப் பற்றிக்கொண்டாள். மன்னித்தாளா, கால் மரத்துப்போயிருந்ததா என்று அவளுக்கு விளங்கவில்லை.