கேட்பாரற்ற பச்சை ஸ்கூட்டர்

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து போன் வந்தபோது அம்மா குக்கர் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவின் பச்சை ஸ்கூட்டர், முப்பது வருடத்துக்கு முன் காணாமல் போனது, கிடைத்திருக்கிறதாம். நான் சொன்னதும் குக்கரை அப்படியே போட்டுவிட்டு, "கெளம்புடி. எவன்கிட்ட வித்தாருன்னு இன்னிக்கித் தெரிஞ்சிடும்" என்றாள். அப்பா போய்ச் சேர்ந்து நாலு வருடமாகிறது. வழக்கை மட்டும் அம்மா இன்னும் முடிக்கவில்லை.

வழக்கு இதுதான். அப்பாவுக்குச் சீட்டாட்டப் பித்து. ஒருநாள் மதியம் வெறுங்கையோடு வந்து, மார்க்கெட் வாசலில் பூட்டி நிறுத்திய வண்டியைக் காணோம் என்றார். சீட்டில் தோற்று, வண்டியை விற்றுவிட்டுக் கதை அளக்கிறார் என்று அம்மா தீர்மானித்துவிட்டாள். போலீஸ் விசாரித்தது, இன்சூரன்ஸ்காரர்கள் பணமும் கொடுத்தார்கள். அம்மா மசியவில்லை. "ஊரை ஏமாத்தலாம், என்னை ஏமாத்த முடியுமா?" அன்றோடு அப்பா சீட்டுக்கட்டைத் தொடவில்லை. அவள் மனம் ஆறட்டும் என்றுதான் விட்டார். அவளோ, "தப்புப் பண்ணலைன்னா ஏன் விடணும்?" என்று அதையே சாட்சியாக்கிக்கொண்டாள். இப்படி ஒரு நீதிபதியை எந்தக் கோர்ட்டிலும் பார்க்க முடியாது.

எனக்கு அந்த ஸ்கூட்டர் என்றால் உயிர். முன்னால் நின்றுகொண்டு வருவேன். அப்பாவின் முகவாய் என் உச்சந்தலையில் இடித்துக்கொண்டே வரும். மேடு வந்தால் வண்டி இரும ஆரம்பித்துவிடும். "எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்குங்க, கனம் கொறையும்" என்பார் அப்பா. நான் நிஜமாகவே பிடிப்பேன். பின்னால் அம்மாவும் பிடிப்பாள், சிரிப்பை அடக்க முடியாமல் பாதி மேட்டிலேயே விட்டுவிடுவாள். அந்த அம்மாவையும் ஸ்கூட்டரோடு சேர்த்து யாரோ தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கப்புறம் பஸ்தான். இடம் இருந்தாலும் இரண்டு பேரும் தனித்தனியாகத்தான் உட்காருவார்கள்.

கம்பெனியின் கிடங்கில் தகரக் கூரைக்குக் கீழே நசுங்கிய கார்களும் சக்கரம் போன வண்டிகளும் நாதியில்லாமல் கிடந்தன. கிடங்கு அதிகாரி பொறுமையாக விளக்கினார். "திருட்டுக்குப் பணம் குடுத்துட்டா, பின்னாடி வண்டி கெடைச்சாலும் அது கம்பெனியோடதுதாம்மா. பழைய இரும்பு வெலைக்கு ஏலம் விடறதுக்கு முன்னாடி, வேணுமான்னு ஒரு வார்த்தை கேப்போம். பாதிப் பேரு வர்றதே இல்லை."

அம்மா அதைக் காதிலேயே வாங்கவில்லை. "யாரு வச்சிருந்தா?"

"ஷெட்டு வச்சிருந்த ஒரு மெக்கானிக்கும்மா. மார்க்கெட் பக்கம் திருடித் திருடிப் பின்கட்டு ரூம்ல போட்டிருக்கான். அப்பவே செத்துட்டான். வாரிசுங்க கோர்ட்டுக்குப் போனதுல ரூமை யாருமே தொறக்கலை. இப்ப இடிக்கறப்பதான் வெளிய வந்துச்சு." குனிந்து எங்கள் ஸ்கூட்டரின் ஹேண்டிலுக்கு அடியில் காட்டினார். "பாருங்க, பூட்டை ஒடைச்சிருக்கான். உங்க வீட்டுக்காரர் ஒழுங்காப் பூட்டிட்டுத்தான் போயிருக்காரு."

பார்த்தியா, அப்பா ஜெயிச்சிட்டார் என்று அம்மாவிடம் கத்த வேண்டும் போலிருந்தது. இத்தனை வருடம் அதற்குத்தானே காத்திருந்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த ஆசை போய்விட்டது. வண்டியின் பச்சை வெளுத்து, அங்கங்கே துரு தின்றிருந்தது. அம்மா உடைந்த பூட்டின் ஓட்டைக்குள் விரலை விட்டுத் தடவினாள். எடுத்தாள். மறுபடி தடவினாள்.

"எடுத்துக்கறீங்களாம்மா?" என்றார் அதிகாரி.

அம்மா என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"அன்னிக்கி மார்க்கெட்லேருந்து நடந்தே வந்தாரு. உச்சி வெயிலு. சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சிருந்துச்சு. வந்ததும் தண்ணி கேட்டாரு." விரலில் ஒட்டிய துருவைப் புடவையில் துடைத்தாள். "ஆடின எடத்துலயே குடிச்சிட்டு வர்றதுதானேன்னேன்."

அதிகாரி, பாவம், அவளுக்குத்தான் தாகம் என்று நினைத்துத் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். அம்மா வாங்கிக்கொண்டாள். மூடியைத் திறக்கவில்லை. இரண்டு கையாலும் அதைப் பிடித்தபடி, காலியாக இருந்த அப்பாவின் முன் சீட்டுக்கு எதிரே நின்றாள்.