ஜன்னல் வைத்த அறை

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் பெரினாவுக்குப் படுக்கையறை கிடையாது. அந்தத் தீவில் அநேகமாக யாருக்குமே கிடையாது. தங்கள் கட்டிலைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, வீட்டுக்காரர்கள் மூலைக்கொருவராகச் சுருண்டுகொள்வார்கள். ஆறு அறை விடுதிக்கு முதலாளியான பெரினா சமையலறையில்.

இந்த வருடம் சிக்கல் கட்டிலில் இல்லை, அடுப்பில். பழைய சமையல்காரர் கூடுதல் சம்பளம் தேடி அயர்லாந்துக்குப் போய்விட்டார். சனிக்கிழமை ஜெர்மன் குடும்பங்கள் வருகின்றன, இரண்டு வேளைச் சாப்பாடு உண்டு என்று நம்பி. சாப்பாடு இல்லையென்றால் அவர்கள் அடுத்த கப்பலிலேயே திரும்பிவிடுவார்கள். விடுதியை இழுத்து மூட வேண்டியதுதான்.

‘சீசன் வேலைக்குச் சமையல் ஆள் தேவை. குடும்பத்தில் ஒருவராக நடத்துவோம்’ என்று விளம்பரம் போட்டாள். ஏழு பேர் அழைத்தார்கள். ஏழு பேரும் சம்பளத்துக்கு முன்னால் தங்கும் அறையைத்தான் கேட்டார்கள். நிலவறையில், ஒயின் பீப்பாய்களுக்கும் செத்துப்போன கணவனின் மீன்வலைகளுக்கும் நடுவே போட்டிருக்கும் மடக்குக் கட்டிலைப் பெரினா வாய் நிறைய வர்ணித்தாள். ஆறு பேர் போனை வைத்துவிட்டார்கள். ஏழாமவள், கடலே இல்லாத ஸ்லவோனியச் சமவெளியைச் சேர்ந்த யெல்கா, வைக்கவில்லை.

“ஜன்னல் இருக்காக்கா?”

“கதவு இருக்கே. தெறந்து வச்சா காத்து பிச்சுக்கிட்டு வரும்.”

“குடும்பத்துல ஒருத்தின்னு போட்டிருக்கீங்க?”

“நானே அடுப்பு பக்கத்துலதான் படுக்கறேன்டி. இதுக்கு மேல என்ன குடும்பம் வேணும் உனக்கு?”

மாடியில் கடலைப் பார்த்த ஓர் அறை இன்னும் போகவில்லையே, இணையத்தில் பார்த்தேனே என்றாள் யெல்கா. அது விருந்தாளிக்கு, விருந்தாளிக்கு இந்த வீட்டில் எப்போதும் இடமுண்டு என்று பெருமையாகவே சொன்னாள் பெரினா. அப்படியா என்று மட்டும் கேட்டுவிட்டு யெல்காவும் போனை வைத்தாள்.

மறுநாளே அந்த அறைக்குப் பதிவு வந்தது. யாரோ ஒரு பெண், இரண்டு நாள். வெள்ளிக்கிழமை கப்பலில் வந்து இறங்கியவளின் பெட்டியைப் பெரினாவே தூக்கினாள். வாசலில் உலர்ந்த அத்திப்பழமும் ஒரு சின்னக் கிளாஸில் ரக்கியா என்ற பழச்சாராயமும் கொடுத்தாள். வாசலில் ரக்கியா குடித்தவரைத் திருப்பி அனுப்பியதாகத் தீவில் சரித்திரமே இல்லை. வந்தவள் தலையாட்டியபடி ஒரே மடக்காகக் குடித்தாள்.

மாடிப்படியில் பெரினாவுக்கு மூச்சு வாங்கியது. “பெட்டி ஏம்மா இந்தக் கனம் கனக்குது?”

“கத்திங்கக்கா. எல்லாம் என் சொந்தக் கத்தி.”

போனில் கேட்ட குரல் பிடிபட்டதும் பெரினா பெட்டியைப் படியிலேயே வைத்தாள்.

“நீயா?”

“விருந்தாளிக்கா. நாளைக்கு எட்டு மணிக்குக் காலைச் சாப்பாடுன்னு போட்டிருக்கீங்க. யாரு செய்வாங்க?”

பெரினா கீழே வாங்கிப்போட்ட மீனை நினைத்தாள், நாளைய கப்பலை நினைத்தாள். பிறகு கைப்பேசியை எடுத்து, இணையத்தில் அந்த அறை செப்டம்பர் கடைசிவரை இல்லை என்று போட்டாள்.

யெல்கா ஜன்னலைத் திறந்து பார்த்தாள், கை கழுவினாள், சமையலறைக்கு இறங்கினாள். அடுப்போரம் சுருட்டி வைத்திருந்த மெத்தையைக் காலால் தொட்டுக் காட்டினாள்.

“இத எடுத்துருங்கக்கா. நான் வேல செய்யற எடத்துல யாரும் படுக்கக் கூடாது.”

பெரினா மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள். மடக்குக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்தாள். காற்று வரவில்லை.