எலினோருக்காக நிற்பது

எலினோர் என்ற ஊரின் நினைவுச்சின்னம் வெறும் பீடம்தான். சிலை கிடையாது. சிலைக்குப் பதிலாக ஊர்க்காரர்கள் முறை வைத்து ஏறி நிற்பார்கள்.

ஊர் உருவாகுமுன் வெறும் புல்வெளியாக இருந்த அந்த இடத்துக்கு முதலில் வந்தவள் எலினோர்; அவள் பெயர்தான் ஊருக்கு. அவள் புருஷன் வாளியோடு தண்ணீர் தேடிப் போனான். சுற்றிலும் ஒரு மரம்கூட இல்லை, திரும்பி வர அடையாளம் வேண்டும், நீ இங்கேயே நில் என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் நின்றாள். வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள், ஆள் நிற்கிறதே என்று பக்கத்தில் வீடு கட்டினார்கள். பிறகு கோயில், பிறகு கோதுமைக் கிடங்கு. போனவன் வராமலே எலினோர் ஒருநாள் செத்துப்போனாள். அவளுடைய காத்திருப்பு அங்கேயே இருந்தது. யாராவது நிற்கத்தானே வேண்டும்?

இப்போது ஜெசிந்தாவின் முறை வந்தது.

இரண்டு காத்திருப்பைச் சுமந்துகொண்டு பீடத்தில் நிற்க முடியாது, முழங்கால் விட்டுப்போகும். அதனால் ஏறுகிறவர்கள் தங்களுடையதை யாரிடமாவது கொடுத்துவிட்டுத்தான் ஏறுவார்கள். ஜெசிந்தாவின் புருஷன் கிளாட்வின் லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போயிருந்தான். பனிக்கு முன்னால் போனவன், பனி உருகியும் வரவில்லை. இடுப்பில் ஜோவிட்டா, இன்னும் நிற்கப் பழகாத பிள்ளை. தன் காத்திருப்பைக் கை மாற்றிவிட்டால் அவன் வழி தவறிவிடுவானோ என்று அவளுக்குப் பயம்.

எதிர்வீட்டுச் சகாயராணி அக்கா, ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற தூத்துக்குடிக்காரி, கையை நீட்டினாள்.

"இங்க தா. எனக்குத்தான் காத்துக் கிடக்க ஒரு நாதியும் இல்லையே."

"அசந்து தூங்கிர மாட்டீங்களேக்கா?"

"ஏட்டி, உன் மாப்பிள்ளைய நான் என்ன கட்டிக்கிடவா போறேன்? பயந்தாங்கொள்ளி!"

ஜெசிந்தா இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். அது வெதுவெதுப்பாக இருந்தது, டீசல் வாசம் அடித்தது. அக்கா வாங்கி மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பயத்தை யாரும் கேட்கவில்லை, அது ஜெசிந்தாவிடமே இருந்தது.

பிள்ளையோடு பீடத்தில் ஏறி நின்றதும் தாகம் எடுத்தது. பார்த்தே இராத ஒருவனின் பிடரியும், அவன் வாளியைத் தோள் மாற்றுகிற விதமும் அவளுக்குத் தெரிந்திருந்தன. அவன் வந்தால் போதும் என்று மேற்குப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளாட்வின் என்ற பெயர், ரயில் நிற்காமல் கடந்துபோன ஸ்டேஷன் பெயர் மாதிரி எங்கோ இருந்தது. எதிர்வீட்டில் அக்கா ஜன்னலை விட்டு நகரவேயில்லை. தலையில் பூகூட வைத்திருந்தாள்.

ஒரு மத்தியானம் லாரி வந்தது. பீடத்தைச் சுற்றிக்கொண்டு போய் அக்கா வீட்டு வாசலில் நின்றது. கிளாட்வின் இறங்கினான். இளைத்திருந்தான்.

"ராணி, ரசம் இருக்கா?" என்று கேட்டபடி செருப்பைக் கழற்றினான்.

"இருக்கு. கை கழுவிட்டு வாங்க," என்றாள் அக்கா.

பின்னால் புல் சரசரத்தது. மேற்கேயிருந்து ஒருவன் தண்ணீர் சிந்தாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"ரொம்ப நேரம் ஆயிருச்சோ?"

"இல்ல, இப்பத்தான்," என்றாள் ஜெசிந்தா.

எலினோரின் காத்திருப்பு அத்தோடு முடிந்தது. ஜெசிந்தா பிள்ளையைப் பீடத்தில் உட்காரவைத்துவிட்டுக் கீழே இறங்கி, எதிர்வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, என்னோடதத் தாங்க."

அக்கா பையை வெளியே இழுத்துக் காட்டினாள். காலி. "ஆளு வந்தாச்சே. இனி எதைத் திருப்பித் தர?"

கிளாட்வின் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தான். "யாருங்க? வாங்க, உட்காருங்க," என்றான் மரியாதையாக.

அவள் திரும்பி வந்தபோது ஜோவிட்டா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். எதையும் பிடிக்கவில்லை. கண் லாரியை விட்டு அகலவில்லை. ஜெசிந்தா தூக்கப் பார்த்தாள், பிள்ளையின் பாதம் கல்லை விட்டு வரவில்லை. அதைப் பார்த்து ஊர் மேயர் தொப்பியைக் கழற்றினார். இரண்டு பேர் ஊர்ப் பெயர்ப்பலகையில் பெயரை மாற்றி எழுத ஏணியும் பெயிண்டும் எடுத்துப் போனார்கள்.

ஜெசிந்தா வந்தவனின் வாளியிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளிப் பிள்ளையின் வாயருகே பிடித்தாள்.

"குடிச்சிட்டு நில்லுடி தங்கம். தாகம் எடுக்கும்."