கதவுக்குப் பதில் வாசல்

"குடைச்சல் யாருன்னு எனக்குத் தெரியணும் சார்."

அந்தப் பத்திரிகை அலுவலகத்தில் கேட்கவே கூடாத கேள்வி அது. அவள் பிழைதிருத்துநராகச் சேர்ந்த அன்றே, பக்கம் வடிவமைக்கிற அண்ணன் காதோடு காதாகச் சொல்லியிருந்தார்: "லீவு கேளும்மா, ஃபேன் கேளு, எதை வேணா கேளு. ஞாயித்துக்கிழமை குறுக்கெழுத்து போடுற 'குடைச்சல்' யாருன்னு மட்டும் கேட்டுடாதே. பேரு வெளிய தெரியாது. அதுதான் இங்க மரபு."

இணைப்பிதழ் ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

"திடீர்னு என்ன அந்த ஆராய்ச்சி?"

திடீரென்று வந்ததல்ல. நேற்றுக் காலையிலிருந்து அது அவளை அரித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அவள் யாருக்கும் மகளில்லை, அக்காளில்லை. சமையலறைத் தரையில் காலை நீட்டி, பத்திரிகையை மடித்து, பென்சிலைக் கடித்தபடி உட்கார்ந்துவிடுவாள். வீட்டிலேயே முதல் டிகிரி அவளுடையது. அதனால் தம்பி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டு வெகுநாளாகிறது.

"பட்டதாரி மேடம், கால மடக்குங்க. நாங்கல்லாம் நடக்கணும்."

"சுத்திப் போடா."

முதல் குறிப்பு: *கழனித் தலையில் விதை, புலவர் பயிர் (3)*. அதை வெறித்துப் பார்த்தாள். நாற்று என்று நினைத்தாள், பாட்டு என்று நினைத்தாள், எழுதி அழித்ததில் தாள் நைந்துபோனது. குறிப்பெழுதியவனை மனதுக்குள் நாலு வார்த்தை திட்டினாள். பாத்திரம் தேய்க்க எழுந்தபோது, கையெல்லாம் நுரையாக இருக்கையில், சட்டென்று அவிழ்ந்தது. கழனியின் தலையெழுத்து 'க'. அதோடு 'விதை'. கவிதை! புலவருக்கு வேறென்ன பயிர்? பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். இதற்காகத்தான் இந்தப் பாடு. முள் தைத்த காலோடு ஊரெல்லாம் நடந்துவிட்டு, அதைப் பிடுங்கிப் போட்டதும் வருமே ஒரு சுகம், அது.

"பைப்ப மூடிட்டுப் போடி!" என்றாள் அம்மா.

சுகம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. அடியில் ஒரு குறிப்பு மல்லுக்கு நின்றது: *மரத்துக்குள் முடிவில்லா வாசல், பச்சைக்கல் (5)*.

பச்சைக்கல் என்றால் மரகதம். குறுக்கே ஓடிய எழுத்துகளும் பொருந்தின. ஆனால் விடை கிடைத்தால் போதாது, அது எப்படி வந்தது என்பதும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அது திறந்த பூட்டில்லை, உடைத்த பூட்டு. வாசலின் கடைசி எழுத்தை வெட்டினால் 'வாச'. அதை மரத்துக்குள் நுழைத்தால் 'மரவாசம்'. அப்படி ஒரு கல் எந்த நகைக்கடையிலும் இல்லை.

'வாசலை எடுத்துட்டுக் கதவை வெச்சா சரியா வருமே,' என்று நினைத்தாள். கதவில் கடைசி எழுத்து போனால் 'கத'. மரத்துக்குள் அது நுழைந்தால் மரகதம். அடுத்த கணம் பென்சில் கையிலிருந்து நழுவியது. *முடிவில்லாக் கதவு*. அது அவளுடைய குறிப்பு. அவளே, இதே தரையில் உட்கார்ந்து எழுதியது.

அவள் எழுதிக் கொடுத்த புதிர்க் கட்டொன்று ஆசிரியரிடம் போயிருந்தது. "பள்ளிக்கூடப் பசங்களுக்குத்தான் ஆகும்" என்று உதட்டைப் பிதுக்கி, அதைத் தன் மேசையிலேயே போட்டுவைத்துக்கொண்டார். இப்போது மற்ற குறிப்புகளையும் திரும்பப் பார்த்தாள். பாதிக்கு மேல் தெரிந்த முகங்கள். வேறு சட்டை போட்டு நின்றன. கவிதை அவளுடையதில்லை. அது பழைய குடைச்சலின் கை, சுத்தமான கை.

யார்? அன்று முழுக்க ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டாள். அந்த மேசையைத் துடைக்க வருகிறவர், பக்கத்து அறை நிருபர், எல்லோரையும். அதிகம் உறுத்தியது பக்கம் வடிவமைக்கிற அண்ணன்தான். கேட்காதே என்று முதல் நாளே எதற்கு அவ்வளவு அக்கறையாகச் சொன்னார்? தினமும் டீ வாங்கிக் கொடுக்கிறாரே, எதற்கு? சோறு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"வேலையில எதையாச்சும் கேட்டுட்டியா? கேட்டுடாதடி. கேக்கிறவளத்தான் மொதல்ல அனுப்புவாங்க."

இன்று காலை வந்ததும் நேராக அண்ணனிடம் போய் நின்றாள்.

"புதிர் உங்க கைக்கு எப்படிண்ணே வருது?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "போலீஸ்காரி மாதிரி கேக்கிற?"

"சும்மா சொல்லுங்க."

"முன்னல்லாம் கவர்ல வரும். அந்த மனுஷன் நிறுத்தி ரொம்ப நாளாச்சு. மிச்சம் மீதி கிடந்தது, அதோட புதுசா ஏதோ கலந்து சாரே டைப் அடிச்சு அனுப்புறார். நான் கட்டம் கட்டுறவன்மா, வார்த்தை கட்டுறவன் இல்ல. ஏன், என் மேலயா சந்தேகம்?"

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. ஆசிரியர் அறைக்கு நடந்தாள். கேட்கக் கூடாததைக் கேட்டாள்.

"ஆராய்ச்சி இல்ல சார், ஒரே ஒரு சந்தேகம்." பத்திரிகையை அவர் முன்னால் விரித்தாள். "பச்சைக்கல்லுக்கு விடை மரகதம். எப்படி வருது?"

"இதுகூடவா தெரியாது? மரம்... வாசல்..." அவர் விரலால் மேசையில் ஏதோ வரைந்தார். "முடிவே இல்லாம மரமா இருந்தா அது காடு. காடு பச்சை. பச்சைன்னா மரகதம். புதிர்னா அப்படித்தாம்மா, ஒரு பூடகம் இருக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவில்லை.

"பூடகமும் இல்ல, பூசணிக்காயும் இல்ல சார். அது கதவு. வால வெட்டி மரத்துக்குள்ள நுழைச்சா மரகதம். எழுதினவளுக்குத் தெரியும்."

"ஓ." கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறியது. குரல் இறங்கியது. "இங்க பாரும்மா, உன் குறிப்பெல்லாம் கரடுமுரடா இருந்தது. நான் கொஞ்சம் மெருகேத்தினேன். கதவுன்னா மொட்டையா இருக்கு. வாசல்ல ஒரு அழகு இருக்கில்ல?"

யாரென்று தெரிந்துவிட்டது. இவ்வளவு சுலபமாகத் தெரியுமென்று அவள் நினைக்கவில்லை.

"திருடினதக்கூட விடுங்க. திருடுற பொருள் என்னன்னே தெரியாமத் திருடியிருக்கீங்க. நேத்து எத்தனை வீட்டுல மண்டைய உடைச்சிக்கிட்டு இருந்திருப்பாங்க? தனக்குத்தான் புத்தியில்லன்னு நினைச்சிருப்பாங்க சார்!"

"மெதுவா பேசு." அவர் கதவுப் பக்கம் பார்த்தார். "உன் வீட்டுல முதல் ஆளா படிச்சு வந்திருக்கே. அவசரப்பட்டுக் கெடுத்துக்காதே. ரெண்டு வருஷம் பொறு. நீ எழுது, நான் பார்த்துத் தர்றேன். குடைச்சல்ங்கிற பேருக்குள்ள நீயும் இருந்துட்டுப் போயேன்."

நேற்றுவரை இதைக் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பாள். அதை நினைத்தபோதுதான் அவளுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

"அடுத்த வாரம் திருத்தம் போடுங்க. என் பேரோட."

"மரபு இருக்கும்மா."

"அப்போ என் புதிர்க் கட்டக் குடுங்க."

"அது ஆபீஸ் சொத்து."

அவள் பத்திரிகையை மடித்து அவர் பக்கமே தள்ளினாள்.

"சரி, வெச்சுக்கங்க. எனக்கு எல்லாம் மனப்பாடம். மிச்சத்தையும் நீங்களே மெருகேத்திப் போடுங்க சார். குடைச்சல் யாருன்னு இனிமே நான் கேக்க மாட்டேன், வாசகருங்க வந்து கேப்பாங்க."

வெளியே அண்ணன் கணினியிலிருந்து தலையைத் தூக்கினார். "என்னம்மா ஆச்சு? எங்க கிளம்பிட்டே?"

"உங்க மேல சந்தேகப்பட்டுட்டேன்ணே, மன்னிச்சிருங்க," என்றாள். நாற்காலியில் தொங்கிய பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். தொண்டையைச் செருமியபடி ஆசிரியர் பின்னால் கூப்பிடுவது கேட்டது. அவள் மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தாள்.