பித்தப்பைக்கு இடமில்லை

எல்லோரும் சௌக்கியம்தானே? முட்டி வலியெல்லாம் பரவாயில்லையா? இங்கே விஸ்கான்சினில் ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை, பித்தப்பையைத் தவிர. அதை எடுத்து மூன்று வருஷமாகிறது.

அந்தப் பித்தப்பையால்தான் வீட்டில் சண்டை. மகள் வயிற்றுப் பேத்தி பிரிட்டா, மருத்துவக் கல்லூரிக்கு இரண்டாம் முறையாக விண்ணப்பம் எழுத உட்கார்ந்தாள். முதல் முறை எல்லாக் கல்லூரிகளும் கையை விரித்துவிட்டன. இந்த முறையும் இல்லையென்றால், என் மகன் டுவேனின் சீஸ் கடையில் கல்லாவில் உட்கார வேண்டியதுதான்.

வாழ்க்கையில் நடந்தவற்றில் முக்கியமான மூன்றை விரிவாக எழுதச் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரித் தொண்டு, ஆய்வகத்து எலி என்று இரண்டு முடிந்தது. மூன்றாவதற்குத்தான் அடிதடி.

“மான் வேட்டைல மரத்துலேருந்து விழுந்தேனே, நீ கட்டுப் போட்டியே, அதை எழுது,” என்றான் டுவேன்.

“கட்டுப் போட்டது அம்மா, மாமா. நான் ரத்தத்தைப் பாத்து மயங்கி விழுந்துட்டேன்.”

“அதை எவன் வந்து பாத்தான்?”

“என் பித்தப்பையை எழுதுடி. ஆபரேஷனுக்கு முன்னாடி வலில துடிச்சப்போ என் கையைப் பிடிச்சிட்டே இருந்தியே,” என்றேன்.

“எல்லாரும் பாட்டியைத்தான் எழுதறாங்க, பாட்டி. ரெண்டாவது பத்தில அந்தப் பாட்டி செத்துப்போயிடுவாங்க.”

“சாகடிச்சுக்கோ. எனக்கென்ன?”

மறுநாள் காலை என் நாற்காலியருகே வந்து குந்தி உட்கார்ந்தாள்.

“பாட்டி, நீங்க சொன்னதெல்லாம் சரி. வலி நிஜம், கையைப் பிடிச்சது நிஜம். ஆனா நான் எழுதப்போறது பித்தப்பை இல்ல.” சொல்லிவிட்டு, எழுந்து ஓடாமல் காத்திருந்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. பிறகுதான் உறைத்தது. சனிக்கிழமைகளில் சர்ச் மண்டபத்தில் நடக்கும் பிங்கோ என்ற எண் விளையாட்டில் எண்களைக் கூப்பிடுபவள் இவள்தான். கிழவர் ஹார்லன் வாராவாரம், தன் அட்டையில் வரிசை நிரம்பிவிட்டதென்று தப்பாக நினைத்து, “பிங்கோ!” என்று கத்திவிட்டு, பரிசுப் பன்றித்தொடையை வாங்க எழுந்தே நிற்பார். முன்பெல்லாம் மைக்கிலேயே “இல்லை” என்பார்கள், மண்டபமே சிரிக்கும். இவள் மேடையை விட்டு இறங்கிப்போய், அவர் பக்கத்தில் குந்தி, சரியான எண்களையெல்லாம் முதலில் தொட்டுக் காட்டி, “இது ஒண்ணுதான் இன்னும் வரல, ஹார்லன்” என்பாள்.

“அடியே, என்னையும் ஹார்லன் ஆக்கிட்டியா?”

“என்ன பாட்டி?”

“கெட்ட சேதியைக் குந்தி உக்காந்து சொல்றியே, அதை எழுதுடி!”

“பிங்கோவையா? சிரிப்பாங்க.”

“போன தடவை ஒருத்தரும் சிரிக்கல. எடம் கெடச்சுதா?”

எழுதினாள். நேர்காணலில் டாக்டரம்மா ஹார்லனைப் பற்றியேதான் கேட்டாராம். போன வாரம் இடம் கிடைத்துவிட்டது. தன்னையே கல்லூரியில் சேர்த்துக்கொண்டதுபோல் ஹார்லன் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். என் பித்தப்பையை யாரும் விசாரிக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் உங்களுடைய எந்த வியாதியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்கள்? மறைக்காமல் எழுதுங்கள். நானாவது படிக்கிறேன்.